'விட்' இருந்தது, 'ஹியூமர்' இல்லை: இதை எப்படித் தமிழில் சொல்வது?

#1 தாள்முனை
திங்கள், காலை 9.40

நண்பர்களுக்கு வணக்கம். பழைய ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இருநூறு பக்கம் முடித்து அனுப்பியதும், மெய்ப்புப் பார்த்தவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: "'நகைச்சுவையாக' என்ற சொல் 47 இடங்களில் வருகிறது. ஏதாவது செய்யுங்கள்."

உட்கார்ந்து எண்ணியிருக்கிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மூலத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த 47 இடங்களிலும் ஆசிரியர் ஒரே சொல்லைப் போடவில்லை. விட், ஹியூமர், ஜெஸ்ட், க்விப், பேன்டர், ரெபார்ட்டீ, ஃபெசீஷஸ் என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். நான்தான் அத்தனையையும் ஒரே உலையில் கொட்டிப் பொங்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் விட மோசமாக மாட்டிக்கொண்டது ஒரு வரியில். கதையில் வரும் மாமா ஒருவரைப் பற்றி, அவருக்கு 'விட்' உண்டு, 'ஹியூமர்' கிடையாது என்கிறார் ஆசிரியர். "நகைச்சுவை இருந்தது, நகைச்சுவை இல்லை" என்று எழுத முடியாதே. "நகைச்சுவை இருந்தது, ஆனால் வேடிக்கை இல்லை" என்று எதையோ எழுதி வைத்தேன். திரும்பப் படித்தால் எனக்கே பொருள் விளங்கவில்லை.

அகராதியைப் பார்த்தால் ஒரு சொல்லுக்குப் பொருளாக இன்னொன்றைத் தருகிறது, அதற்கு முதல் சொல்லையே தருகிறது. உதவுங்கள்.


#2 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்
திங்கள், காலை 11.05

அம்மா, நல்ல கேள்வி. நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'விட்' என்ற சொல் பிறந்தபோது அதற்கும் சிரிப்புக்கும் தொடர்பே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது அறிவு, மனம். 'அறிதல்' என்ற பொருளுள்ள வினைச்சொல்லோடு பிறந்தது. நம் காதுக்குப் பழக்கமான வடசொல் 'வித்' (வித்தை, வேதம் எல்லாம் அதன் வழியே வந்தவை) அதற்குத் தூரத்து உறவு. இன்றைக்கும் அந்தப் பழைய பொருள் ஆங்கிலத்தின் மூலை முடுக்குகளில் உயிரோடு இருக்கிறது. மூளை குறைந்தவனை 'ஹாஃப்விட்' என்கிறார்கள். கண்ணால் கண்டு அறிந்தவன் 'விட்னஸ்'. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தால் 'விட்ஸ் எண்ட்'. ஐம்புலன்களை ஒரு காலத்தில் 'ஃபைவ் விட்ஸ்' என்றே அழைத்தார்கள்.

இது தெரியாததால் ஷேக்ஸ்பியரின் ஒரு வரி தமிழில் பட்டிருக்கும் பாடு கொஞ்சமல்ல. 'ஹாம்லெட்' நாடகத்தில் அமைச்சன் போலோனியஸ் 'பிரெவிட்டி இஸ் தி சோல் ஆஃப் விட்' என்கிறான். இதைச் "சுருக்கமே நகைச்சுவையின் உயிர்" என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். போலோனியஸ் அங்கே துணுக்குச் சொல்லவில்லை. அறிவுள்ள பேச்சுக்குச் சுருக்கமே உயிர் என்கிறான். சொல்வதற்கு முன்னும் பின்னும் வளவளவென்று அவனே இழுக்கிறான் என்பதுதான் அதில் உள்ள சிரிப்பு.

'ஹியூமர்' வந்த வழி வேறு. லத்தீனில் அது ஈரம், நீர்மம். உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் ஓடுகின்றன, அவற்றின் கூடுதல் குறைவுதான் மனிதனின் குணம் என்று ஐரோப்பிய வைத்தியம் நம்பியது. நம் வாத பித்த கபத்துக்கு அண்டை வீடு. பித்தம் மிகுந்தவனைப் 'பித்தன்' என்று நாம் சொன்னதைப் போல, ஏதோ ஒரு நீர்மம் மிகுந்து கோணல் குணத்தோடு திரிபவனுக்கு அவர்களும் பெயர் வைத்தார்கள். பென் ஜான்சன் 1598-இல் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். அங்கே 'ஹியூமர்' என்றால் மனிதருக்கு மனிதர் மாறும் கிறுக்குத்தனம். கிறுக்கனைப் பார்த்துச் சிரித்தார்கள். காலப்போக்கில் அந்தச் சிரிப்புக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

ஆக, 'விட்' தலையிலிருந்து வந்தது, 'ஹியூமர்' உடம்பிலிருந்து வந்தது. உங்கள் மாமாவுக்குத் தலை இருந்தது. மற்றது இல்லை.


#3 மெய்ப்புப் பார்ப்பவன்
திங்கள், காலை 11.31

சுருக்கமே உயிர் என்பதை விளக்க ஐயா எடுத்துக்கொண்ட இடம் ஐந்து பத்தி. போலோனியஸ் இருந்திருந்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பான்.

(தாள்முனைக்கு: 47 எண்ணியவன் நான் இல்லை. ஆனால் எண்ணியிருப்பேன்.)


#4 தாள்முனை
திங்கள், பகல் 12.15

ஐயா, மிக்க நன்றி. மெய்ப்புக்காரரே, உங்கள் தொழிலில் எல்லோருமே இப்படித்தானா?

வேர் தெரிந்தால் இன்றைய பொருள் தெரிந்துவிடுமா என்பதுதான் என் சந்தேகம். நாவல் எழுதப்பட்ட காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு இருந்தது?


#5 அகராதிப்புழு
திங்கள், மாலை 4.20

அந்தக் கேள்விக்கு ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் விடை சொல்லியிருக்கிறார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர்களைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1819-இல் நூலாக வந்தன. அதில் அவர் பிரிக்கும் விதம் ஏறக்குறைய இப்படி: சிரிப்புக்குரிய ஒன்றை உள்ளது உள்ளபடி காட்டுவது 'ஹியூமர்'. அதையே வேறொன்றோடு ஒப்பிட்டோ முரண்படுத்தியோ அம்பலமாக்குவது 'விட்'. முதலாவதற்குக் கண் போதும். இரண்டாவதற்கு இரண்டு பொருள்களை ஒரு நொடியில் முடிச்சுப்போடும் மூளை வேண்டும்.

இதில் புதுமை ஏதும் இல்லை. தொலைவிலுள்ள எண்ணங்களைச் சட்டென்று சேர்ப்பது 'விட்', கிட்டத்திலுள்ளவற்றைக் கவனமாகப் பிரிப்பது தீர்ப்பறிவு என்று தத்துவஞானி ஜான் லாக் அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே எழுதிவிட்டார். அவர் பார்வையில் 'விட்' உள்ளவனும் நல்ல தீர்ப்பறிவு உள்ளவனும் ஒரே ஆளாக இருப்பது அரிது. வழக்கறிஞர்கள் மன்னிக்க.

ஆனால் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்தவர் ஹென்றி ஃபவுலர். 1926-இல் வந்த அவருடைய ஆங்கில வழக்கு அகராதியில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. எட்டுச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள்: நோக்கம் என்ன, எதைப் பற்றியது, எப்படிச் செய்கிறது, யாருக்காகச் செய்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் கேள்விதான் சொத்து.

'ஹியூமர்' மனித இயல்பைக் கவனித்துக் கண்டுபிடிக்கிறது. அதைக் கேட்கவேண்டியவர்கள் பரிவுள்ளவர்கள். 'விட்' சொற்களையும் எண்ணங்களையும் வைத்துக்கொண்டு எதிர்பாராத வெளிச்சம் போடுகிறது. கேட்கவேண்டியவர்கள் அறிவாளிகள். 'சட்டையர்' ஒழுக்கத்தையும் நடத்தையையும் திருத்த முயல்கிறது. தன்மேல் திருப்தி கொண்டவர்களுக்காக. 'சார்கஸம்' வலியைக் கொடுக்கத்தான் வருகிறது. அதற்கு அடிபடுபவர் ஒருவர் வேண்டும், பக்கத்தில் நின்று பார்ப்பவரும் வேண்டும். 'ஐரனி' ஒரு உள்வட்டத்துக்கு மட்டும். வெளியே இருப்பவனுக்குப் புரியாமல் போவதே அதன் சுவை.

பட்டியலின் கடைசியில் 'சார்டானிக்' இருக்கிறது. துன்பத்தில் கிடப்பவன் தனக்குத் தானே கசப்பாகச் சிரித்துக்கொள்வது. அவையில் ஒரே ஒருவர்தான், அவனே. சார்டினியாத் தீவில் முளைக்கும் ஒரு நச்சுச்செடியைத் தின்றவன் முகம் சிரிப்பதுபோலக் கோணிச் சாவான் என்று கிரேக்கர்கள் சொன்ன கதையோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசுவார்கள்.


#6 வசனவரி
திங்கள், இரவு 9.10

படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுவது என் பிழைப்பு. எனக்கு ஃபவுலர் வேண்டாம், இரண்டு வரிக்குள் அடங்கும் சொல் வேண்டும். அதனால் என் கணக்கு வேறு: இந்தச் சிரிப்பைத் திரும்பச் சொல்ல முடியுமா, முடியாதா?

'ஜோக்' என்பதைத் திரும்பச் சொல்லலாம். அது ஒரு பொட்டலம். யாரோ செய்தது, என் கைக்கு வந்தது, உங்கள் கைக்குப் போகிறது. தமிழில் துணுக்கு. 'க்விப்' அப்படியல்ல. அந்த இடத்தில் அந்த நொடியில் வாயிலிருந்து விழுவது, அடுத்த அறைக்குப் போனாலே செத்துவிடும். 'ரெபார்ட்டீ'க்கு இரண்டு வாய் வேண்டும். ஒருவர் வீசுகிறார், மற்றவர் காற்றிலேயே பிடித்துத் திருப்பி எறிகிறார். அதில் ஒரே ஒரு அடியைத் தனியாக எடுத்தால் 'ரிபோஸ்ட்'. அது வாட்போர்ச் சொல், எதிரியின் குத்தைத் தடுத்த கையோடு திருப்பிக் குத்துவது. நான் 'பதிலடி' என்று போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவேன்.

'ஜெஸ்ட்' இன்று பேச்சில் அநேகமாக இல்லை. 'இன் ஜெஸ்ட்' என்ற தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: விளையாட்டாக.


#7 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்
செவ்வாய், காலை 6.50

'ஜெஸ்ட்' அவ்வளவு சீக்கிரம் கடந்துபோக வேண்டிய சொல் அல்ல. லத்தீனில் அது 'செய்த செயல்கள்'. பிரெஞ்சு வழியாக வந்தபோது வீரர்களின் அருஞ்செயல்களைப் பாடும் கதை. கதை சொல்பவன் கொஞ்சம் கொஞ்சமாக அளக்கத் தொடங்கினான். வீரகாதை வெட்டிக்கதை ஆகி, வெட்டிக்கதை பரிகாசம் ஆகி, கடைசியில் விளையாட்டுப் பேச்சு ஆயிற்று. மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாம்லெட் யோரிக்கை நினைக்கும்போது 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' என்கிறான். அரசவைக் கோமாளியைப் பற்றிய பேச்சு அது. அங்கே 'ஜோக்' என்று போட்டால் மண்டையோடே சிரித்துவிடும்.

திருப்பிச் சொல்வதைப் பற்றி வசனவரி பேசியது சரி. அந்த நொடியில் வராத பதிலுக்கும் ஐரோப்பியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தில் தன்னை மடக்கிய பேச்சுக்குத் தக்க விடை, மாடியிலிருந்து இறங்கிப் படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ எழுதினார். பிரெஞ்சில் அது 'படிக்கட்டு மதி'. ஜெர்மானியரும் அதே படிக்கட்டைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் குடியிருப்பு.


#8 லீட்ஸ்வாசி
செவ்வாய், பிற்பகல் 3.35

பேன்டரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. நான் இங்கிலாந்தில் பதினொரு ஆண்டுகளாக அதன் நடுவில் வாழ்கிறேன், கொஞ்சம் சொல்லலாமா?

அகராதி 'நட்பான கேலி' என்கிறது. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் என் பெயரை வேண்டுமென்றே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சிதைத்துக் கூப்பிடுவார்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன். மூன்றாம் மாதம் வேண்டாம் என்று சொன்னேன். வந்த பதில்: 'இட்ஸ் ஜஸ்ட் பேன்டர்'. அதற்குப் பிறகு சிரிக்காமல் இருப்பது என் குற்றமாகிவிட்டது. அந்தச் சொல்லின் வேலையே அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. குத்திய பிறகு கத்தியின் மேல் ஒட்டும் சீட்டு.

இது என் ஒருவன் புலம்பல் அல்ல. இங்குள்ள வேலைத் தீர்ப்பாயங்களில் 'வெறும் பேன்டர்தான்' என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். ஆனால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தொல்லையை வரையறுக்கும்போது நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. நோக்கமோ விளைவோ எதுவானாலும் ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்தால் தொல்லைதான் என்கிறது. 'நான் விளையாட்டாகச் சொன்னேன்' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

தமிழில் இதற்கு என் மனத்தில் படுவது 'மச்சான் முறைக் கேலி'. நம் ஊரில் மாமன் மச்சான் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்பவன்தான் அசடு. அதே கேலியைச் சித்தப்பாவிடம் செய்தால் வீடு இரண்டாகும். உரிமை யாருக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். பேன்டரில் அந்த உறவுமுறை எங்கும் எழுதப்படவில்லை. உறவே இல்லாதவன் தன்னை மச்சானாக நியமித்துக்கொள்கிறான்.


#9 மெய்ப்புப் பார்ப்பவன்
செவ்வாய், மாலை 5.02

"நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி." குறள் 995. விளையாட்டுக்கு என்றாலும் இகழ்ந்தால் வலிக்கும். தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம், மூன்றே சொல்தான்.

(ஐயா கவனிக்க.)


#10 அகராதிப்புழு
செவ்வாய், மாலை 6.45

லீட்ஸ்வாசிக்கு ஆறுதலாக ஒன்று: பேன்டர் என்ற சொல்லையே பிடிக்காதவர்களில் பெரிய ஆள் ஜோனதன் ஸ்விஃப்ட். பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எங்கிருந்தோ முளைத்த சொல் அது, வேர் இன்றுவரை பிடிபடவில்லை. லண்டனில் ஒயிட்ஃபிரையர்ஸ் பகுதி முரடர்களிடம் பிறந்து, ஏவலாட்களிடம் போய், கடைசியில் பண்டிதர்களிடம் ஒதுங்கிய சொல் என்று 1710-இல் எழுதினார். அதே ஆண்டு இன்னோரிடத்தில், 'மாப்' என்ற சொல்லையும் 'பேன்டர்' என்ற சொல்லையும் தடுக்கத் தன்னால் ஆனதைச் செய்ததாகவும் எண்ணிக்கையின் முன் தோற்றுப்போனதாகவும் ஒப்புக்கொண்டார். கும்பலைக் குறிக்கும் சொல்லைத் தடுக்கப்போய்க் கும்பலிடமே தோற்றிருக்கிறார்.


#11 தாள்முனை
செவ்வாய், இரவு 8.30

லீட்ஸ்வாசி அண்ணா, நாவலில் பேன்டர் வரும் ஆறு இடங்களையும் உங்கள் பதிவைப் படித்த பிறகு மறுபடி பார்த்தேன். நான்கில் அக்காள் தங்கைகள் பேசிக்கொள்கிறார்கள். அங்கே 'கேலி' கச்சிதமாக அமர்ந்துவிட்டது. மற்ற இரண்டில் பண்ணையார் தன் வேலைக்காரனிடம் பேசுகிறார். ஆசிரியர் அங்கேயும் அதே சொல்லைத்தான் போடுகிறார். நான் 'சீண்டல்' என்று எழுதலாமா?


#12 லீட்ஸ்வாசி
செவ்வாய், இரவு 8.52

எழுதாதீர்கள். ஆசிரியர் பண்ணையாரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கலாம். அங்கேயும் 'கேலி' என்றே இருக்கட்டும். வேலைக்காரன் சிரிக்கிறானா இல்லையா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.


#13 வசனவரி
செவ்வாய், இரவு 10.40

'பன்' பற்றி, அதாவது ஒரே சொல்லில் இரண்டு பொருள் வைத்து விளையாடுவதைப் பற்றி, பேசாமல் இழையை மூடிவிடாதீர்கள். என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

'ரோமியோ ஜூலியட்'டில் மெர்குஷியோ கத்திக்குத்துப் பட்டுச் சாகும் தறுவாயில், நாளைக்கு என்னைத் தேடு, 'கிரேவ் மேன்' ஆக இருப்பேன் என்கிறான். 'கிரேவ்' என்றால் சிரிக்காத, அழுத்தமான ஆள். கல்லறையும்தான். நான்கு நாள் முட்டிப் பார்த்தேன். கடைசியில் 'நாளைக்கு என்னைப் பார், அடக்கமான ஆளாக இருப்பேன்' என்று போட்டேன். பணிவு, நல்லடக்கம் இரண்டும் கிடைத்தன. வாழ்நாளில் எனக்கு அமைந்தது அது ஒன்றுதான். சம்பளத்தில் அதற்குத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை.


#14 அகராதிப்புழு
புதன், காலை 10.15

'அடக்கமான ஆள்' அருமை. ஆனால் ஜோசஃப் அடிசன் உங்களைப் பாராட்டியிருக்க மாட்டார். 1711-இல் தன் 'ஸ்பெக்டேட்டர்' தாளில் அவர் பன்னைப் 'பொய்யான விட்' என்று தள்ளினார். அதற்கு ஒரு சோதனையும் சொன்னார்: அதை வேறு மொழிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், தாக்குப்பிடித்தால் உண்மையான 'விட்', கரைந்துபோனால் வெறும் பன். மொழிபெயர்ப்பாளர்களின் தலைவலியை ஒருவர் அளவுகோலாகவே ஆக்கி வைத்திருக்கிறார்.

இந்தியாவோடு ஒட்டிய பன் ஒன்று உண்டு. 1843-இல் ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் சிந்துவைப் பிடித்தார். 'பெக்காவி' என்று லத்தீனில் ஒரே சொல்லில் செய்தி அனுப்பினார் என்பது கதை. அதன் பொருள் 'நான் பாவம் செய்தேன்'. அதையே ஆங்கிலத்தில் சொன்னால் 'ஐ ஹேவ் சின்ட்', 'சிந்து என் கையில்' என்பது போலவே காதில் விழும். நேப்பியர் அப்படி எதையும் அனுப்பவில்லை. கேத்தரின் விங்க்வொர்த் என்ற பதின்வயதுப் பெண் யோசித்து 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழுக்கு அனுப்ப, 1844-இல் அச்சாயிற்று. பின்னாளில் அவர் ஜெர்மானியத் துதிப்பாடல்களை ஆங்கிலமாக்கிப் புகழ் பெற்றார். நம் இனம்தான்.


#15 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்
புதன், பகல் 12.40

அடிசன் தமிழ் படித்திருந்தால் அந்தச் சோதனையை எழுதியிருக்க மாட்டார். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்டார். அதில் 'பிண்ணாக்கு' என்ற ஒரு சொல், எள்ளுக்குப் பிழிந்த சக்கை, பாம்புக்குப் பிளந்த நாக்கு. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பாம்பும் மிஞ்சாது, எள்ளும் மிஞ்சாது. அதனால் அது பொய் ஆகிவிடுமா? நாம் அதற்குச் சிலேடை, இரட்டுற மொழிதல் என்று அணியிலக்கணத்தில் இடம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர் பன் கேட்டால் பல்லைக் கடித்து முனகுவார்கள். முனகல்தான் அங்கே கைதட்டல்.

ஆகவே பன் என்று வரும் இடத்தில் 'சிலேடை' என்று போட்டால் மதிப்பு ஒரு படி கூடிவிடும். 'சொல்விளையாட்டு' போதும். டாக்டர் ஜான்சன் ஷேக்ஸ்பியரின் இந்தப் பழக்கத்தைப் பற்றி 1765-இல் எழுதியபோது, அந்தச் சொல்விளையாட்டே அவருடைய கிளியோபாட்ரா, அதற்காக உலகையே இழந்தார், இழந்ததில் திருப்தியும் அடைந்தார் என்றார். திட்டுகிறாரா, பொறாமைப்படுகிறாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.


#16 மெய்ப்புப் பார்ப்பவன்
புதன், பகல் 1.05

எனக்கு ஒரு உண்மையான சந்தேகம். ஐரனிக்கும் சார்கஸத்துக்கும் 'அடிபடுபவர் உண்டா இல்லையா' என்ற ஒன்றுதான் வேறுபாடா? கொட்டுகிற மழையில் "என்ன அருமையான வெயில்" என்றால் ஐரனி. தாமதமாக வந்தவனிடம் "இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீர்கள்" என்றால் சார்கஸம். அப்படியானால் ஔவையாரை எங்கே வைப்பது?

புறநானூறு 95. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்கிறவன் தொண்டைமான். அடிபடுகிறவனும் அவனே. ஃபவுலரின் உள்வட்டம் எங்கே?


#17 அகராதிப்புழு
புதன், பிற்பகல் 2.30

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சார்கஸம் பிறந்த கிரேக்க வினைச்சொல்லுக்குச் சதையைக் கிழிப்பது, கோபத்தில் உதட்டைக் கடிப்பது என்று பொருள். 'சதை' என்ற அதே கிரேக்கச் சொல்தான் பிணப்பேழைக்கான 'சார்கோஃபகஸ்' என்பதிலும் இருக்கிறது. சதை கிழிந்தால் கிழிபட்டவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஐரனிக்கு முன்னோடியான கிரேக்கச் சொல்லோ தெரியாதவனைப்போல நடிப்பது. சாக்ரடீஸின் பழக்கம்.

ஔவையார் நடிக்கிறார். புகழ்வதைப்போல. இரத்தம் வரவில்லை. தொண்டைமான் புரிந்துகொண்டால் போரைத் தவிர்க்கலாம், புரியாததைப்போல இருந்துகொண்டால் மானத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். இரண்டு வாசலையும் திறந்து வைத்துவிட்டு நிற்கிறார். சார்கஸம் எல்லா வாசலையும் சாத்திவிட்டு அடிக்கும். நான் இதை ஐரனி என்பேன். தமிழில் வஞ்சப்புகழ்ச்சி என்று இதற்கென்றே பெயர் இருக்கும்போது எதற்கு இந்த வாதம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.


#18 மெய்ப்புப் பார்ப்பவன்
புதன், பிற்பகல் 2.41

கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையில் எனக்கு இது முதல் முறை.


#19 தாள்முனை
புதன், இரவு 9.25

மிச்சம் இருப்பது 'ஃபெசீஷஸ்'. கதையில் நீதிபதி ஒருவர் சாட்சியைப் பார்த்து அப்படி இருக்காதே என்கிறார். அகராதியில் 'நகைச்சுவையான' என்றே போட்டிருக்கிறது. நீதிபதி ஏன் கோபிக்க வேண்டும்?


#20 வசனவரி
புதன், இரவு 9.50

அகராதி பழைய சம்பளப் பட்டியல். ஒரு காலத்தில் அந்தச் சொல் பாராட்டு, லத்தீனில் நேர்த்தியான நயமான பேச்சுக்கு உரிய சொல். இன்று யாராவது உங்களை அப்படிச் சொன்னால் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்புக் காட்டுகிறீர்கள் என்று பொருள். எழவு வீட்டில் துணுக்குச் சொல்கிறவன் 'ஃபெசீஷஸ்'. துணுக்கு நன்றாகவே இருக்கலாம். "இது விளையாடும் இடமல்ல" என்று போடுங்கள்.

அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த மொழியின் உயிரெழுத்து ஐந்தும் வரிசை மாறாமல் வரும். குறுக்கெழுத்துப் பைத்தியங்களுக்கு மட்டும் இந்தத் தகவல்.


#21 தாள்முனை
வியாழன், காலை 7.15

இரவெல்லாம் உட்கார்ந்து மாமா வரியை முடித்துவிட்டேன்:

"மாமாவுக்கு வாக்குச் சாதுரியம் இருந்தது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளத் தெரியாது."

மூலத்தில் ஆறேழு சொற்களில் இருப்பது இங்கே நீண்டுவிட்டது, தெரியும். ஆனால் அந்த மாமா எல்லோரையும் மடக்குவார், தன் பொய்முடி நழுவினால் மட்டும் மூன்று நாள் யாரோடும் பேசமாட்டார். அது அந்த வரியில் வரவேண்டும் என்று தோன்றியது. 47 இப்போது 9 ஆகியிருக்கிறது.


#22 அகராதிப்புழு
வியாழன், காலை 8.30

இரண்டாம் வாக்கியம் மொழிபெயர்ப்பு அல்ல, விளக்கவுரை. ஹியூமர் என்றால் தன்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் அல்ல. ஆனால் அந்த மாமாவுக்கு இல்லாதது அதுதான் என்றால், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். 'வாக்குச் சாதுரியம்' நிற்கட்டும்.


#23 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்
வியாழன், மாலை 6.10

அம்மா, வரி நன்றாக இருக்கிறது.

மெய்ப்புக்காரத் தம்பிக்கு ஒரு செய்தி. திங்கட்கிழமை என்னைப் போலோனியஸ் என்றீர்கள். போலோனியஸ் செத்தது அதிகம் பேசியதால் அல்ல. திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டதால். நான் என் தொழிலை நெற்றியில் எழுதிக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து உளறுகிறேன். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஊர் இல்லை, படம் இல்லை, ஒரு வரி அறிமுகம் இல்லை. திரைக்குப் பின்னால் நிற்பது நம்மில் யார்?

மன்னிக்கவும், படிக்கட்டு கொஞ்சம் நீளம். இறங்க மூன்று நாள் ஆயிற்று.


#24 மெய்ப்புப் பார்ப்பவன்
வியாழன், மாலை 6.14

ஐயோ, கொல்லப்பட்டேன்.